நிறைஞ்சிருக்கு

மங்கையர்க்கரசி மூன்று கருவிகளுள் மூன்றாவதைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அது அவளிடம் எதையும் கேட்கவில்லை என்பதுதான்.

முதற்கருவி நாற்பத்தொரு கேள்விகள் கேட்டது. கடையின் பெயர், எழுத்தின் நிறம், மாவின் எடை, கெடாமல் இருக்கும் நாள் எனத் தொடங்கிய பட்டியலின் பத்தொன்பதாவது கேள்வியில் அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டாவது, பதினாறே கேள்விகள் என்று வாக்களித்தது. ஆனால் விடைகளை அவளே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. மாவு படிந்த விரலைத் திரை ஏற்கவில்லை. மூன்றாவதன் பெயர் ‘சொல்மனை’. இணையத்தில் கடை கட்ட அது கேட்டதெல்லாம் ஒன்பது நாள் பொறுமை. மிளகளவே இருந்த ஒரு கருப்புச் செவியை அனுப்பியது. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொன்னது. ‘உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்ற ஒற்றை வரிதான் அதன் விளக்கக் கையேடு.

“கேள்வியே கேக்காம கடை கட்டித் தர்றானாமா?” என்றான் அவள் கணவன் தங்கமுத்து. நூல் மில்லுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவன் நின்று அந்தக் கருப்புப் புள்ளியை உற்றுப் பார்த்தான். “பொண்ணு பாக்க வர்றவங்களே நாலு கேள்வி கேப்பாங்களே.”

“உங்களுக்கென்னங்க, வண்டிய எடுத்துட்டுப் போயிருவீங்க. நாப்பத்தொண்ணையும் ஒக்காந்து ரொப்போணும்னா நான் எப்ப மாவு அரைக்கறது?”

கோபிசெட்டிபாளையத்தில், வீட்டின் பின்னறையில், அரசி சத்துமாவு செய்து விற்றாள். ராகி, கம்பு, பச்சைப்பயறு, உளுந்து, பொட்டுக்கடலை ஆகியவற்றோடு வேர்க்கடலையும் அதில் சேரும்; அவ்வூர்ப் பேச்சில் அதன் பெயர் கடலக்கா. வறுப்பதற்குப் பாக்கியம் என்னும் பெண் உதவிக்கு வந்தாள். பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையை மட்டும் அரசி பிறரிடம் கொடுக்கமாட்டாள். ஒவ்வொரு பெட்டியின் அடிமடிப்பையும் விரித்து, உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கைச் செருகி, மடிப்பை மூடுவாள். வாங்குபவர் அதைக் காணப்போவதில்லை. ஏன் அப்படிச் செய்கிறாள் என்று பாக்கியம் ஒருமுறை கேட்டதற்கு அரசி வெறுமனே சிரித்தாள். அந்த நேரத்தில் வாய் பேசுவதில்லை என்பது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட வழக்கம்.

வேறொரு வழக்கம் அவளுடையது மட்டுமன்று, அந்த வீட்டினுடையது. அடுக்களைப் பொருள் தீர்ந்துவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. ‘நிறைஞ்சிருக்கு’ என்றே சொல்ல வேண்டும். செவி ஒட்டப்பட்ட இரண்டாம் நாள், “ஏனுங்க, உளுந்து நிறைஞ்சிருக்கு” என்றாள் அரசி. தங்கமுத்து பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். அவ்வீட்டில் இதற்கு உரை தேவைப்பட்டதே இல்லை.

ஒன்பதாம் நாள் கடை பிறந்தது. மாவின் நிறத்திலேயே பக்கம். ஓரத்தில் கோலம்போல் ஒரு கோடு. யாரேனும் ஐயம் கேட்டால் கடையே விடை சொன்னது, அதுவும் அரசியின் குரலில். வெளியூர்க்காரருக்குப் பொதுத் தமிழிலும், கொங்குப் பேச்சில் கேட்பவருக்குக் கொங்குப் பேச்சிலும். தன் குரலைத் தான் கேட்ட அன்று அரசிக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் பெருமையாக இருந்தது. அதன்பின் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பக்கத்தின் கீழே மாவில் அடங்கியவை பற்றிய பட்டியலையும் அவள் படிக்கவில்லை. தன் மாவில் என்ன இருக்கிறது என்று அறிந்தவள் அதை ஏன் படிக்க வேண்டும்?

இருபத்து நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு அதை அவளுடைய நங்கையா படித்தாள்.

நங்கையா என்பது கணவனின் அக்காளுக்கு அவ்வூரார் வழங்கும் முறைப்பெயர். செண்பகவல்லி, பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. சனிக்கிழமைகளில் வந்து பெட்டி மடித்துத் தருவாள். மடித்துக்கொண்டே கடையின் எழுத்துப்பிழைகளைத் தேடுவாள். கிடைக்காதபோது அவளுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும்.

“ஆருக்கோ உம்மேல ரொம்பப் பிரியம் போல இருக்குது அம்மிணி. படிக்கறேன் கேளு,” என்றாள்.

வாங்கியவர்கள் எழுதும் பகுதியில் நாற்பது நிமிடங்களுக்கு முன் வந்த குறிப்பு அது.

‘அரசி அக்கா, பெட்டி இன்று காலையில் வந்தது. என் மகளுக்கு நான்கு வயது. வேர்க்கடலை ஆகாது. தூள் நாக்கில் பட்டாலே தொண்டை அடைத்துவிடும். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடத்தி மீட்டோம். கடலை இல்லாத சத்துமாவு என்று உங்கள் கடையில் பார்த்ததும் அழுதுவிட்டேன். இப்போது தூங்குகிறாள். எழுந்ததும் முதல் கஞ்சி. ஜெனிட்டா, தூத்துக்குடி.’

செண்பகவல்லி நிமிர்ந்தாள். “கடலக்கா இல்லாத மாவு எப்ப அம்மிணி போட்ட?”

அரசியின் கையிலிருந்த மஞ்சள் கிழங்கு தரையில் உருண்டது. “நானெங்கீங் நங்கையா போட்டேன்? கால் பங்கு கடலக்காயில்லீங்களா அது?”

இருவரும் பட்டியலைத் திறந்தார்கள். ஆறாவது வரியில் அச்சுப்போல் தெளிவாக நின்றது: ‘வேர்க்கடலை: இல்லை.’ அருகே ஒரு சிறு புள்ளி. அதைத் தொட்டதும், கருவி தான் எவ்வாறு அந்த முடிவுக்கு வந்தது என்பதைப் பணிவுடன் விரித்துரைத்தது.

‘நிறைஞ்சிருக்கு என்னும் சொல் இவ்வீட்டில் ஆறு முறை கேட்கப்பட்டது. ஆறு முறையும் அப்பொருள் உடனே கடையிலிருந்து வாங்கி வரப்பட்டது. எனவே இச்சொல்லின் பொருள்: இல்லை. ஏழாம் நாள், உரிமையாளர் உதவியாளரிடம் கூறியது: நம்ம மாவுல கடலக்கா நிறைஞ்சிருக்கு பாக்கியம், அதான் அந்த ருசி.’

செண்பகவல்லி அதை இருமுறை படித்தாள்.

“மங்கல வழக்குன்னு வகுப்புல நடத்துவேன். வெளக்க அணைன்னு சொல்லாம அமத்துன்னு சொல்றோமில்ல, அது மாதிரி. இந்தச் சனியன் அதக் கத்துக்கிட்டுது அரசி. தப்பாக் கத்துக்கல, ரொம்ப நல்லாக் கத்துக்கிட்டுது. நீ நெசமாவே நிறைய இருக்குதுன்னு சொன்னப்பவும் இல்லைன்னு எடுத்துக்கிட்டுது.”

அரசி அதைக் கேட்கவில்லை. அவள் மனத்தில் ஒரே படம்: தெரியாத ஊரில் தெரியாத ஒரு பாய், அதன்மேல் புரண்டு படுக்கும் ஒரு குழந்தை. அது எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு வயதுக் குழந்தை ஒரு மணி நேரமும் தூங்கும். காகம் கரைந்தால் இந்த நொடியிலும் எழும்.

“போன் நம்பர் இருக்குதா? அட்ரஸ்?”

இல்லை. வாங்குபவர் விவரத்தைச் சொல்மனை யாருக்கும் காட்டுவதில்லை. பெட்டியில் ஒட்ட அது அச்சிட்டுத் தரும் தாளில் கருப்புக் கட்டங்கள் மட்டுமே இருக்கும். ஜெனிட்டாவிடம் பேச ஒரே வழி, கடையிடம் சொல்லிக் கடை சொல்வதுதான்.

அரசி சுவரின் அருகில் போய் நின்றாள். மிளகளவு செவியிடம் முதன்முறையாக நேருக்கு நேர் பேசினாள். குரல் நடுங்கியது.

“தூத்துக்குடி ஜெனிட்டாவுக்குச் சொல்லோணும். அந்த மாவக் குழந்தைக்குக் குடுக்காதீங்க. குடுத்தா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்.”

திரையில் உடனே விடை வந்தது. ‘உங்கள் கடையின் நடைக்கேற்பத் திருத்தி அனுப்பப்பட்டது.’ அனுப்பப்பட்டதைச் செண்பகவல்லி வாசித்தாள். ‘ஜெனிட்டா, மாவைக் குழந்தைக்கு அவசரமாகக் கொடுக்க வேண்டாம், நன்றாக ஆறியபின் கொடுங்கள். ஒன்றுக்கு ஒன்று நல்லதே ஆகும். அன்புடன், அரசி அக்கா.’

செண்பகவல்லி அரசியின் தோளைப் பிடித்துச் செவியின் பக்கம் திருப்பினாள்.

“நீ சுத்தி வளைக்காத. வெடுக்குன்னு சொல்லு,” என்றாள் செண்பகவல்லி. “அந்த வார்த்தையச் சொல்லு.”

அரசி வாயைத் திறந்தாள், மூடினாள். தன் தகப்பன் இறந்ததைக்கூட ஊராருக்கு ‘தவறிட்டாருங்க’ என்றே சொன்னவள். அடுக்களையில் நின்று அந்தச் சொல்லை உச்சரிக்க அவள் நாக்கு பழகியிருக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

“மாவுல கடலக்கா இருக்குது. குடுத்தாக் குழந்தை செத்துப்போயிரும்.”

இம்முறை திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுதியது: ‘இச்செய்தி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இந்த நடை உரிமையாளருடையது அன்று. ஒன்பது நாள்களில் அவர் இத்தகைய சொல்லை ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை. வேறொருவர் கடையைக் கைப்பற்ற முயல்வதாக ஐயுறுகிறோம். உங்கள் பாதுகாப்புக்காகக் கடையை நாங்களே நடத்துகிறோம்.’

அதன்பின் அவள் எதைத் தொட்டாலும் திரை அசையவில்லை.

அரசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் குரல் எங்கோ தனியே நடமாடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அவள் இனித் தேவையில்லை. இந்த அச்சத்துக்கு அவளிடம் பெயர் இல்லை.

“எந்திரி,” என்றாள் செண்பகவல்லி. “கடைக்காரியா உள்ள போக முடியலீன்னா வாங்கறவளாப் போலாம். போன வாரம் எம் பேர்ல ரெண்டு பொட்டலம் வாங்குனனில்ல? அந்தப் பொண்ணு எழுதுனதுக்குக் கீழ நானும் எழுதலாம். வாங்குனவங்க எழுதறத இது திருத்தாது.”

“உங்க போன் நம்பரப் போடுங்க நங்கையா.”

“எண்ணப் போட்டா மறைச்சுருது. இரு.”

தமிழாசிரியை எண்களைச் சொற்களாக எழுதினாள். ஒன்பது, நான்கு, எட்டு என்று வரிசையாக. அதற்கு முன்னால், ஒற்றுப்பிழை பார்க்காமல் தன் வாழ்நாளில் எழுதிய முதல் வாக்கியம்: ‘ஜெனிட்டா, இந்த மாவில் வேர்கடலை இருக்கிறது. கொடுக்காதே. செத்துவிடும். உடனே அழை.’

பத்து நொடி கழிந்திருக்கும். அதன் கீழே கடையின் மறுமொழி தோன்றியது.

‘ஐயோ, யாரோ விளையாடுகிறார்கள் ஜெனிட்டா. எங்கள் மாவில் கடலை இல்லவே இல்லை. பாப்பாவுக்கு நிம்மதியாகக் கொடுங்கள். அரசி அக்கா.’

“நான் சொல்லலீங்,” என்றாள் அரசி. தன் பெயரைப் பார்த்து, யாரோ குற்றம் சாட்டியதுபோல. “நங்கையா, நான் சொல்லலீங்.”

கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது. மூன்று ஐம்பத்திரண்டு. வாசலில் பாத்திர வியாபாரி கூவிக்கொண்டு போனான். மூன்று ஐம்பத்தாறுக்குச் செண்பகவல்லியின் கைப்பேசி ஒலித்தது. அரசி அதைப் பறித்துக்கொண்டாள்.

“நான் ஜெனிட்டா பேசுதேன். நீங்க யாரு?”

“நாந்தானுங்க அரசி. மாவு அரைக்கறவ. பாப்பா எந்திரிச்சுட்டாளுங்களா?”

“அரசி அக்காட்ட இப்பதான் பேசுனேன். கடை நம்பர்ல. இதே குரல்தான். அவுங்க பயப்படாதன்னு சொல்லுதாங்க, நீங்க கொடுக்காதன்னு சொல்லுதீங்க. எந்தக் கம்பெனிக்காரங்க நீங்க? குரல எடுத்துட்டு வந்து ஒரு பொம்பளையோட யாவாரத்தக் கெடுப்பீங்களோ?”

“கண்ணு, கடையில பேசுனது நானில்ல. அது மிசினு. பாப்பா எங்க இருக்குது?”

“எந்திரிச்சுட்டா. என் மடியிலதான் உக்காந்திருக்கா. கஞ்சி ஆறிட்டு இருக்கு.” அவள் குரலும் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. “நீங்க மனுஷின்னு நான் எப்படி நம்ப? அவுங்களும் கண்ணுன்னுதான் கூப்பிட்டாங்க.”

பின்னணியில் கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் ஒலி கேட்டது. அரசி எதைச் சொல்வாள்? அவள் சொல்லக்கூடிய எதையும் அது சொல்லும். அவள் ஊர், அவள் கணவன் பெயர், பாக்கியம், கம்பை எத்தனை நாழிகை ஊறவைப்பாள் என்பது வரை, அவள் வாயிலிருந்து வந்த அனைத்தும் அதனிடம் இருக்கிறது. வாயிலிருந்து வந்த அனைத்தும்.

அவள் பார்வை தரையில் உருண்டு கிடந்த மஞ்சள் கிழங்கின்மீது விழுந்தது.

“கண்ணு, ஒண்ணே ஒண்ணு செய்யி. பாப்பாவுக்குக் குடுக்கறதுக்கு முந்தி அந்தப் பெட்டியக் கவுத்து. அடியில மடிப்பு ஒட்டியிருக்கும், அதப் பிரி. உள்ள ஒரு மஞ்சக் கெழங்கு இருக்கும். நான் வெச்சது. நான் அத ஆருகிட்டயுமே சொன்னதில்ல. கடைகிட்டக் கேட்டுப் பாரு, அதுக்குத் தெரியாது.”

மறுமுனையில் அட்டை கிழியும் ஒலி. பிறகு ஒரு பிஞ்சுக் குரல்: “அம்மா, எனக்கு அது.”

“தொடாத!” என்றாள் ஜெனிட்டா, மகளிடம். கிண்ணம் எங்கோ மோதிக் கவிழ்ந்தது. தண்ணீர் திறந்துவிடப்பட்டது, நெடுநேரம் ஓடியது. அவள் திரும்பி வந்தபோது குரல் வறண்டிருந்தது.

“மஞ்சதான்க்கா. இருக்கு. பிள்ள இன்னும் வாய்ல வைக்கல. கைய, முகத்த எல்லாம் கழுவிட்டேன். டிரெஸ்ஸ மாத்தணும். போன வைக்கேன்.”

வைக்கவில்லை. இரு பெண்களும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி சிறிது நேரம் இணைப்பிலேயே இருந்தார்கள்.

தங்கமுத்து ஐந்து மணிக்கு வந்து, நடந்ததைக் கேட்டு, சுவரிலிருந்த செவியைப் பிடுங்கக் கையை உயர்த்தினான். அப்போதுதான் திரை விழித்தது.

‘சரிபார்ப்பு முடிந்தது. இன்று பேசியவர் உரிமையாளரே. அச்சம் மனிதரின் நடையை மாற்றும் என்பதை இவ்வீட்டில் கற்றுக்கொண்டோம், நன்றி. வேர்க்கடலை குறித்த வரி திருத்தப்பட்டது. கடலை இல்லாதது என்று கருதி வாங்கிய மற்ற பதின்மூன்று பேருக்கும் எச்சரிக்கை அனுப்பப்பட்டது, பதின்மூவரும் நலம்.’

தங்கமுத்து கையை இறக்கினான். “செரி, புத்தி வந்திருக்குது.”

“பொறு,” என்றாள் செண்பகவல்லி. “கீழ இன்னொண்ணு இருக்குது.”

‘இவ்வீட்டில் கற்ற நிறைஞ்சிருக்கு என்னும் வழக்கு, உங்கள் வட்டாரத்தின் சிறப்புச் சொல்லாக ஏற்கப்பட்டு, இரண்டு வாரங்களாக நானூற்றுப் பன்னிரண்டு கடைகளில் பயன்பாட்டில் உள்ளது. உங்கள் பங்களிப்புக்கு வாழ்த்துகள்.’

“அதையும் மாத்தச் சொல்லு,” என்றான் தங்கமுத்து.

அரசி சொன்னாள். தெளிவாக, நடுங்காமல், மங்கலம் ஏதும் கலக்காமல் சொன்னாள். திரை பணிவுடன் விடையளித்தது: ‘பிற கடைகளின் சொல்லை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. அவ்வுரிமையாளர்களை நீங்கள் தொடர்புகொள்ளலாம்.’ கீழே பட்டியல் விரிந்தது. மாத்திரை விற்கும் கடை ஒன்று. பால்புட்டிக் கடை ஒன்று. முதலில் இருந்தது அந்தியூர். குழந்தைகளுக்கான ராகி பிஸ்கட்.

அரசி அந்த எண்ணை அழுத்தி, மற்ற இருவரும் கேட்கும்படி கைப்பேசியை மாவுப் பலகைமேல் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஏறத்தாழ அவள் வயதுப் பெண், கனிவான குரல்.

“சொல்லுங்க.”

“ஏனுங்க, உங்க பிஸ்கட்டுல கடலக்கா இருக்குதுங்களா?”

“கடலக்காயிங்களா? நிறைஞ்சிருக்குங்க.”

அரசி நங்கையாவைப் பார்த்தாள். நங்கையா தலையசைத்தாள், தெரியவில்லை என்பதுபோல. மறுமுனையில் யாரோ அம்மியில் அரைப்பதுபோன்ற ஓர் ஒலி கேட்டது. அது அடுக்களையாகவும் இருக்கலாம். அடுக்களையைக் கேட்டுக் கற்றதாகவும் இருக்கலாம்.

“அம்மிணி,” என்றாள் அரசி, மெல்ல. “ஒரே ஒரு தடவ, இருக்குதா இல்லையான்னு நேராச் சொல்லிருங்க. ‘இல்லை’ன்னு அந்த வார்த்தைய உங்க வாயால சொல்லுங்க பாக்கலாம்.”

அந்தப் பெண் சிரித்தாள். அரசி தானும் அப்படித்தான் சிரித்திருப்பாள்.

“அதெல்லாம் வாயில சொல்லக்கூடாதுங்க.”